ஆக்சிசனேற்றமும் ஒடுக்கமும்

ஆக்சிசனேற்றம் என்பது ஓர் அணு, அயனி அல்லது மூலக்கூறு எலக்ட்ரான்களை இழக்கும் வேதி நிகழ்வாகும். எலக்ட்ரான்களைப் பெறும் நிகழ்வு ஒடுக்கம் எனப்படும். ஒரு பொருள் இழக்கும் எலக்ட்ரானை மற்றொன்று ஏற்றாக வேண்டும் என்பதால் இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நிகழ்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இவை ஒட்சியேற்றம், தாழ்த்தல் என வழங்கப்படுகின்றன.

பெயரால் வரும் குழப்பம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், எரியும் பொருள் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்கிறது என்று விளக்கினார். ஆக்சிசனுடன் சேர்வது ஆக்சிசனேற்றம், ஆக்சிசன் நீங்குவது ஒடுக்கம் என்னும் பழைய வரையறை இதன் வழி வந்தது. ஊது உலையில் கார்பன் மோனாக்சைடு இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிசனைப் பிரித்தெடுப்பதற்கு அது பொருந்தும். சோடியம் குளோரின் வாயுவில் எரிந்து சாதாரண உப்பாவதற்குப் பொருந்தாது. அங்கே ஆக்சிசனே இல்லை. ஆயினும் சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, குளோரின் அதைப் பெறுகிறது. எனவே எலக்ட்ரான் வழி வரையறையே இன்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

எலக்ட்ரானைப் பெறுவதை "ஒடுக்கம்" என்பது மாணவர்க்கு முரணாகத் தோன்றுவது இயல்பே. எலக்ட்ரான் எதிர்மின்சுமை உடையது. அது வந்து சேரும்போது ஆக்சிசனேற்ற எண் குறைகிறது. ஒடுங்குவது அந்த எண் என்று நினைவில் கொண்டால் போதும்.

நீல நிறத் தாமிர சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் துண்டை இட்டால், சிறிது நேரத்தில் நீலம் மங்கித் துண்டின்மேல் செந்நிறத் தாமிரம் படிகிறது. துத்தநாக அணு 2 எலக்ட்ரான்களை இழக்கிறது. தாமிர அயனி அவற்றைப் பெறுகிறது. இங்குத் துத்தநாகம் ஒடுக்கி, தாமிர அயனி ஆக்சிசனேற்றி. ஒடுக்கி தான் ஆக்சிசனேற்றம் அடைகிறது, ஆக்சிசனேற்றி தான் ஒடுங்குகிறது. தேர்வுகளில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆக்சிசனேற்ற எண்

தனிமத்தின் எண் 0. சேர்மங்களில் ஆக்சிசனுக்குப் பெரும்பாலும் −2 (ஐதரசன் பெராக்சைடில் −1), ஐதரசனுக்குப் பெரும்பாலும் +1. மின்சுமையற்ற சேர்மத்தில் எண்களின் கூட்டுத்தொகை 0. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிசன்கள் −8; ஆகவே மாங்கனீசு +7. அமிலக் கரைசலில் இது +2 ஆகும்போது 5 எலக்ட்ரான்களைப் பெற்று ஊதா நிறம் மறைகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டிய வினை

பிளீச்சிங் பவுடரில் உள்ள ஐப்போகுளோரைட்டில் குளோரின் +1 நிலையில் உள்ளது. கழிப்பறை கழுவும் அமிலங்கள் பலவற்றில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் அது −1. இரண்டும் கலந்தால் ஒன்று ஒடுங்கி, மற்றொன்று ஆக்சிசனேற்றம் அடைந்து, இரண்டுமே 0 நிலைக்கு, அதாவது குளோரின் வாயுவாக வந்து சேர்கின்றன. இது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. காற்றைவிடக் கனமானதால் மூடிய குளியலறையில் தரையை ஒட்டித் தங்கும். "இரண்டையும் சேர்த்தால் நன்றாக வெளுக்கும்" என்று எண்ணி இவற்றைக் கலக்கக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால், கழுவ முயலாமல் உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குச் செல்ல வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.