இழுக்க இழுக்க இறுகும் பிடி

மதுரையில் பேருந்து ஏறினால் கொடைக்கானல் போய்ச் சேர ஏறக்குறைய 4 மணி நேரம். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் பலர். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏறக் குளிரும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உடலின் நடுப்பகுதியில் திரளும். நீர் கூடிவிட்டது என்று கணக்குப் போட்டுச் சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவது இதனால்தான், அது நோயல்ல. எரிச்சலும் சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

நீர்க்கடுப்பு என்கிறோமே, அந்த எரிச்சலின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் குடலில் சாதுவாகக் குடியிருப்பதுதான். நாற்பதை வரிசையாக நிறுத்தினால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்: மதுரையில் ஒன்று, கொடைக்கானலில் 4,096! பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கோ 20 செ.மீ. வரை. தொற்று பெண்களை அதிகம் தாக்க இதுவே முக்கியக் காரணம். சுத்தமில்லாதவள் என்று யாரையும் சொல்லிவிடாதீர்கள்.

சிறுநீர் பாயும்போது கிருமி அடித்துச் செல்லப்பட வேண்டுமே? மலைப்பாதையில் வெள்ளி அருவியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறையில் பற்றி நிற்பது போன்ற வேலை அது. ஈ.கோலையின் உடலெங்கும் மெல்லிய இழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புரதக் கொக்கி. சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மானோஸ் என்ற சர்க்கரையை அது பற்றுகிறது. நீர் இழுத்தால் பிடி தளரவில்லை, இறுகுகிறது! கிணற்றில் குடத்தின் கழுத்தில் மாட்டிய சுருக்கு, பாரம் ஏற ஏற இறுகுவதைப் போல. இதை 'இறுகுபிணைப்பு' எனலாம், ஈ.கோலையிடம் இது 2002-இல் வெளிப்பட்டது. ஓட்டம் நின்றதும் சுருக்கு தளரும், கிருமி நகர்ந்து இடம் மாறும். இழையும் சும்மா இல்லை. சுருள்வில்லைப் போல அவிழ்ந்து நீண்டு, இழுவையின் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

நம் உடலும் ஏமாளி அல்ல. சிறுநீரகம் யூரோமாடுலின் என்ற புரத நூலைச் சிறுநீரில் கலந்து அனுப்புகிறது. அதன் மேலும் அதே மானோஸ்! சுவர் என்று நினைத்துக் கிருமி நூலைப் பற்றுகிறது. அடுத்தமுறை சிறுநீர் கழிக்கையில் நூலோடு வெளியேறிவிடுகிறது. அடக்கி வைத்தால் இந்தப் பொறி பாதி வேலையோடு நின்றுவிடும்.

எரிச்சல், அடிக்கடி முட்டுதல், போனால் சில சொட்டு, அடிவயிற்று வலி, கலங்கிய சிறுநீர்: இவை சிறுநீர்ப்பை அழற்சியின் குறிகள். காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். நடுக்கத்தை மட்டும் கொடைக்கானல் குளிர் என்று தள்ளிவிடாதீர்கள். போர்த்தியும் நடுக்கம் நிற்காமல் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எரிச்சல் தொடங்கியதுமே போக வேண்டும். பழைய மாத்திரையை எடுத்துப் போடாமல், முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.