கொட்டாத தேனீயின் வீடு

தேனீ என்றவுடன் அதன் கொடுக்கே நம் நினைவுக்கு வரும். ஆயினும், கொடுக்குச் சிறுத்துப்போய்க் கொட்ட இயலாத தேனீயும் நம் கெடா மாநிலக் காடுகளில் வாழ்கின்றது. மலாய்க்காரர் அதனைக் ‘கெலுலுட்’ என்பர்; தமிழர் கொசுத்தேனீ என்பர்.

குனோங் ஜெராய் மலைச்சாரல் போன்ற காடுகளில் இதன் கூட்டை எவ்வாறு கண்டறிவது? பெரியோர் துணையுடன், வெயில் ஏறிய காலை வேளையில் செல்வோம். பருத்த மரங்களை அடியிலிருந்து மேல்நோக்கி நிதானமாகப் பார்ப்போம். மெழுகும் மரப்பிசினும் கலந்து செய்த குழாய் ஒன்று பட்டையிலிருந்து நீண்டிருந்தால், அதுவே கூட்டின் வாயில். ஐயம் எழுந்தால் சற்று விலகி நின்று காத்திருப்போம். பின்னங்கால்களில் மகரந்தமோ பிசினோ சுமந்து வரும் தேனீக்கள் உள்ளே நுழைந்தால் ஐயம் தீரும். குழாயில் குச்சியை நுழைத்தல் ஆகாது. அவை கொட்டாவிடினும் கடிக்கும், தலைமயிரிலும் சிக்கிக்கொள்ளும்.

மரப்பொந்தினுள் சிறு சிறு பானை போன்ற அறைகளில் புளிப்பும் இனிப்பும் கலந்த தேன் இருக்கும். அதற்காக மரத்தையே வெட்டுவோர் உளர். இது பெரும் பிழை. முட்டையிடும் ராணித் தேனீ வயிறு பருத்திருப்பதால் பறக்க இயலாது. கூடு சிதைந்தால் அது தப்பிச் செல்ல வழியில்லை.

இன்று நம் நாட்டில் கெலுலுட்டைப் பெட்டிகளில் வளர்த்துத் தேன் எடுக்கின்றனர். அத்தேனுக்கென 2017-இல் மலேசியத் தரநிலையும் வெளிவந்தது. ஆகவே, காட்டில் கூட்டைக் கண்டால் கண்குளிரக் காண்போம், மரத்தை வாழவிடுவோம். பூக்கள் காயாக உழைக்கும் அச்சிற்றுயிரும் வாழும்.