உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத நாய் வேலிகள்

அமெரிக்கப் புறநகர்களில் பல வீடுகளுக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. வாசலில் புல்தரை, அதை ஒட்டியே சாலை. வேலி போட்டால் தெருவின் அழகு கெடும் என்று தடை விதித்திருக்கும் குடியிருப்போர் சங்கங்களும் உண்டு. அங்கே நாயை மனைக்குள் நிறுத்த இரண்டு கருவிகள் போட்டி போடுகின்றன. ஒன்று மண்ணில் புதைக்கும் ஒயர், மற்றொன்று செயற்கைக்கோளை நம்பும் ஜி.பி.எஸ். காலர். நாய் வளர்ப்பவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

● கண்ணுக்குத் தெரியாத வேலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர். ஊர் ஊராகப் போய் விற்பனை பார்த்தவர். சாலையோரங்களில் அடிபட்டுக் கிடந்த வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்து மனம் நொந்துதான் இந்த யோசனைக்கு வந்தார். 1973-ல் காப்புரிமை கிடைத்தது. 'இன்விசிபிள் ஃபென்ஸ்' என்ற வணிகப் பெயர், இன்று அமெரிக்கர்களின் பேச்சில் இந்த வகை வேலி எல்லாவற்றுக்குமே பொதுப்பெயர் போல ஆகிவிட்டது.

● புதைத்த ஒயரை மிதித்தால் நாய்க்கு ஷாக் அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்காது. மனையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒயரை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, அதன் இரு முனைகளையும் கார் ஷெட்டில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் இணைப்பார்கள். ஒயரில் எந்நேரமும் மிகப் பலவீனமான சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தைக் காலருக்குள் உள்ள கம்பிச்சுருள் உணர்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. நாய் ஒயரை நெருங்கினால் முதலில் 'பீப்' ஒலி கேட்கும். அதையும் மீறிப் போனால், காலரின் பேட்டரியிலிருந்து கழுத்தில் சுருக்கென்று ஷாக். அடிப்பது காலர், ஒயர் வெறும் எல்லைக்கல்.

● அந்த ஒயர் வீட்டிலிருந்து எல்லைவரை போகும் வழியிலும் நாய் நடமாட வேண்டுமே? அதற்கு எளிய வழி இருக்கிறது. போகும் ஒயரையும் வரும் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவார்கள். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்கிய பகுதியின் மேல் நாய் படுத்துத் தூங்கினாலும் காலர் வாய் திறக்காது.

● புதைவேலியின் பெரிய தலைவலி ஒயர் அறுந்து போவது. புல் விளிம்பைச் செதுக்கும் கருவி, குழாய் வேலைக்குத் தோண்டுபவரின் மண்வெட்டி, மண்ணுக்குள் வாழும் கொறிணிகள் என்று எதுவும் அறுக்கலாம். ஓர் இடத்தில் அறுந்தால் போதும், சுற்று முழுவதும் செத்துவிடும். பெட்டியில் உள்ள விளக்கும் அலாரமும் அறுந்த செய்தியைச் சொல்லும். எங்கே என்று சொல்லாது. ஏக்கர் கணக்கில் தோண்டிப் பார்க்கவா முடியும்? இங்கே கைகொடுப்பது பழைய ஏ.எம். ரேடியோ. பெட்டியில் ஒரு சிறு துணைக்கருவியை மாட்டிவிட்டு, ரேடியோவைத் தரையருகே பிடித்தபடி ஒயர் போகும் தடத்திலேயே நடப்பார்கள். சீராக வந்துகொண்டிருக்கும் இரைச்சல் சட்டென்று மாறும் இடத்தில் தோண்டினால் அறுந்த முனை கிடைக்கும்.

● மின்வெட்டு வந்தால் புதைவேலியும் படுத்துவிடும், மாற்று பேட்டரி வைத்திருந்தால் ஒழிய.

● எல்லை ஒயருக்குப் பக்கத்தில் டி.வி. கேபிளோ, மின் ஒயரோ, இரும்புச் சட்டமோ இணையாகப் போனால் சிக்னல் அதில் தொற்றிக்கொள்ளும். அப்போது வீட்டுக் கூடத்திலேயே நாய்க்கு ஷாக் விழலாம். நன்றாக இருந்த நாய் திடீரென்று ஓர் அறைக்குள் வர மறுத்தால், அதை அதட்டாமல் முதலில் காலரைக் கழற்றிவிட்டுக் கேபிள் போகும் பாதையைப் பாருங்கள்.

● ஜி.பி.எஸ். முதலில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைய, அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். அப்படியும் 2000 மே மாதம் வரை பொதுமக்கள் பெறும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தியிராவிட்டால் ஜி.பி.எஸ். வேலி என்ற பேச்சே எழுந்திருக்காது.

● இந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சிக்னல் காலருக்கு வந்து சேர ஒரு நொடியில் ஏறக்குறைய 15-ல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் இடம் சரியாகப் புலப்படும். சார்பியல் விளைவால் அங்குள்ள அணுக்கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கி.மீ.க்கு மேல் பிழை சேரும். ஐன்ஸ்டைனின் கணக்கு இல்லாமல் நாய்க்கு ஜி.பி.எஸ். வேலி இல்லை.

● இப்போது நாம் ஒரு கணக்குப் போடுவோம். திறந்த வானத்தின் கீழ் ஒரு செல்போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டருக்குள் துல்லியமாக இருக்கும் என்கிறது அமெரிக்க அரசு. காலருக்கும் அதையே வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு மனை 60-க்கு 40 அடி, அதாவது சுமார் 18-க்கு 12 மீட்டர். நாலு பக்கமும் 5 மீட்டரைச் சந்தேகத்துக்கு ஒதுக்கினால், நாய் நிம்மதியாக நிற்க மிஞ்சுவது 8-க்கு 2 மீட்டர். ஒரு திண்ணை அளவு! மரமும் மாடிக்கட்டடமும் சூழ்ந்திருந்தால் அதுவும் மிஞ்சாது. சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல், நாய் நிற்காத இடத்தில் நிற்பதாகக் காட்டும். வீட்டு மனைக்கு ஜி.பி.எஸ். வேலி கூடவே கூடாது என்பதுதான் என் எண்ணம். தவறே செய்யாமல் படுத்திருக்கும் நாய்க்கு ஷாக் விழுவதைவிடக் கொடுமை வேறில்லை. சில ஏக்கர் பண்ணைக்கு இது பொருந்தலாம். ஒரு ஏக்கரைச் சதுரமாகச் சுற்றிவரவே 250 மீட்டருக்கு மேல் ஒயர் வேண்டும். பத்து ஏக்கர் பாறை நிலத்தில் யார் பள்ளம் தோண்டுவது?

● மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். காலர் இடத்தைக் கணித்து எச்சரிக்க இரண்டு நொடி தாமதித்தால், நாய் 16 மீட்டர் தள்ளிச் சாலையில் நிற்கும். துல்லியத்தில் மண்ணுக்குள் கிடக்கும் ஒயரை வானத்துக் கருவி இன்னும் வெல்லவில்லை.

● ஜி.பி.எஸ். காலர் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை; கேட்பது மட்டும்தான். நாய் இருக்கும் இடத்தை உங்கள் போனுக்குச் சொல்ல அதற்குத் தனியாக மொபைல் சிக்னல் வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் மாதச் சந்தா வாங்குகின்றன. டவர் எட்டாத காடுகளில் வேட்டை நாய்களைத் தேட கார்மின் நிறுவனம் 2007-ல் 'ஆஸ்ட்ரோ' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் காலரே ரேடியோ அலை மூலம் உரிமையாளரின் கையில் உள்ள கருவியோடு பேசிக்கொள்ளும்.

● புதைவேலிக் காலரின் பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கும். ஜி.பி.எஸ். வேலிக் காலரைக் கிட்டத்தட்ட தினமும் சார்ஜ் போட வேண்டும். ஒரு ராத்திரி மறந்தால் மறுநாள் வேலி இல்லை.

● இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மானையோ அணிலையோ துரத்தும் வெறியில் நாய் ஷாக்கையும் தாங்கிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடும். வெறி அடங்கியபின் வீட்டுக்குத் திரும்பும். அப்போது எல்லையில் மறுபடி ஷாக். துரத்தும் ஆவேசம் இப்போது இல்லை, வலி மட்டும் இருக்கிறது. தன் வீட்டைக் கண்ணால் பார்த்தபடியே உள்ளே வர முடியாமல் சாலையோரத்தில் நிற்கும். புதைவேலியின் பெரும் குறை இது. புதிய ஜி.பி.எஸ். காலர்களில் முன்னணியில் உள்ள சில, வீடு திரும்பும் நாய்க்கு ஷாக் கொடுக்காதபடி அமைக்கப்பட்டவை. போன திசையும் போனில் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் ஜி.பி.எஸ். தெளிவாக ஒரு படி மேல்.

● இரண்டுமே உங்கள் நாயைத்தான் தடுக்கும். தெருநாயோ, அமெரிக்காவின் கொயோட்டி என்ற காட்டு விலங்கோ, திருடனோ உள்ளே வருவதைத் தடுக்காது. ஓடித் தப்பவும் வழியின்றி உங்கள் நாய் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

● அமெரிக்காவில் 974 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. மின்னணு வேலிக்குள் இருந்த நாய்களில் 44 சதவீதம் ஒரு முறையாவது தப்பியிருந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் இருந்தவற்றில் தப்பியவை கால்வாசிக்கும் குறைவு.

● நாய்க்கு 'எல்லை' என்ற கருத்து புரிவதில்லை. வலித்த நொடியில் கண்ணெதிரே என்ன இருந்ததோ அதோடு வலியை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. எல்லைக்கு வெளியே சைக்கிளில் ஒரு சிறுவன் போகிறான், நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது, ஷாக் விழுகிறது. நாலு தடவை இப்படி நடந்தால் சைக்கிள் சிறுவன் என்றாலே வலி என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். பிறகு உறுமும், ஒருநாள் கடிக்கவும் கூடும். மின்னணு வேலிக்குள் இருந்த நாய்கள் ஆட்களைக் கடித்த சம்பவங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் போல்ஸ்கி என்ற நிபுணர் 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார். பயந்த சுபாவம் கொண்ட நாய்க்கும், ஏற்கெனவே சீறும் நாய்க்கும் இந்தக் காலரைப் போடவே போடாதீர்கள்.

● கருவி வாங்கியதோடு வேலை முடியாது. எல்லை நெடுகச் சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடத்தி, 'பீப்' கேட்டதும் திரும்ப வைத்து, திரும்பியதும் தின்பண்டம் கொடுத்துப் பாராட்ட வேண்டும். இரண்டு வாரமாவது தினமும் செய்ய வேண்டிய வேலை இது. நன்றாகப் பழகிய நாய் ஒலியிலேயே திரும்பிவிடும்; ஷாக்குக்கு வேலையே இருக்காது. பெட்டியைப் பிரித்து அன்றே காலரை மாட்டி நாயை அவிழ்த்துவிடுபவர்கள், அதற்குக் கொடுப்பது வலி மட்டும்தான்.

● ஷாக் காலரின் உட்புறம் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நாள் முழுக்க அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து தோல் அழுகிப் புண்ணாகும். பார்க்கும்போது ஷாக்கில் சுட்ட காயம் என்றே தோன்றும். பெரும்பாலும் அது அழுத்தப் புண். 12 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அணிவிக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். முனைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். தினமும் மயிரை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும்.

● வேல்ஸ் 2010-லேயே நாய்க்கும் பூனைக்கும் மின்னதிர்ச்சிக் காலர் அணிவிப்பதைத் தடை செய்தது. புதைவேலிக் காலரும் அதில் அடக்கம். ஜெர்மனியிலும் ஷாக் காலருக்கு அனுமதி இல்லை. இங்கிலாந்தில் 2023-ல் கொண்டுவரப்பட்ட வரைவு, கையில் பொத்தானை அழுத்தி ஷாக் கொடுக்கும் காலரை மட்டும் தடுக்கப் பார்த்தது. வேலிக் காலரை விட்டுவைத்தது. 2024 தேர்தலுக்கு முன் அதுவும் சட்டமாகவில்லை. விலங்கு நடத்தை குறித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், வலியின்றிப் பரிசு கொடுத்துப் பழக்குவதையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைக்கும் அறிக்கையை 2021-ல் வெளியிட்டது.

● ஜி.பி.எஸ். வேலியால் பயன் கண்டவர்களில் மேய்ச்சல்காரர்களும் உண்டு. நார்வேயின் 'நோஃபென்ஸ்' நிறுவனம் முதலில் வெள்ளாடுகளுக்குச் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் காலரைக் கொண்டுவந்தது. எல்லையை நெருங்க நெருங்க ஒலியின் சுருதி ஏறும். ஆடுகள் அதைக் கேட்டே திரும்பக் கற்றுக்கொள்கின்றன. மலைச்சரிவில் 5 மீட்டர் முன்பின் போனால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாலையோர வீட்டு நாய்க்கு அந்த 5 மீட்டரில்தான் உயிர் இருக்கிறது.

● நாயின் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பை ஜி.பி.எஸ். என்று நினைத்து ஏமாறாதீர்கள். அரிசி மணி அளவுள்ள அதில் பேட்டரி கிடையாது, இடத்தைச் சொல்லாது. ஸ்கேனரைப் பக்கத்தில் வைத்தால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். காணாமல் போன நாயை யாராவது கண்டெடுத்து ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அது பயன்படும்.

● எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: சுவரோ கம்பி வேலியோ கட்ட முடிந்தால் அதைக் கட்டுங்கள். ஓடிப்போகும் பழக்கமுள்ள நாய்க்கு, ஷாக் இல்லாமல் இடத்தை மட்டும் காட்டும் ஜி.பி.எஸ். காலரை வாங்குங்கள், செலவுக்குத் தகுந்த பலன் அதில்தான் இருக்கிறது. ஷாக் காலர் கடைசி வழி. அதையும் பயிற்சியாளர் ஒருவர் கூட இருந்து பழக்க வேண்டும். எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உங்கள் செல்போன் எண்ணை ஒரு தகட்டில் பொறித்து இன்றைக்கே நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டிவிடுங்கள்.