ஆய்வுக்கட்டுரை: ஆங்கிலத்தைத் திருத்தினால் போதுமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது. ஆனாலும், உயர்கல்வித் துறையில் வேலை, ஆய்வு நிதி, பதவி உயர்வு என்று வரும்போது வெளியான கட்டுரைகளுக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடவில்லை. அறிவியல் துறைகளில் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டியிருக்கிறது. இது எவ்வளவு பெரிய சுமை என்பதை 2023இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் கேட்டறிந்த அந்த ஆய்வின்படி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம். மொழியைச் சீர்செய்யும்படி அவர்களிடம் கேட்கப்படுவதோ 12 மடங்குக்கும் மேல்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் உதவி, எழுதி முடித்த கட்டுரையை ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிழை திருத்தி வாங்குவதுதான். எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இதனால் நீங்கும். வாதத்தில் உள்ள ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஆய்விதழ்க் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், 1990இல் வெளியான தன் நூலில், அவை பெரும்பாலும் மூன்று படிகளில் நகர்வதாக விளக்கினார்: இந்தத் துறையில் இதுவரை அறியப்பட்டது என்ன, அதில் விடுபட்டது என்ன, அந்த இடைவெளியை இந்தக் கட்டுரை எப்படி நிரப்புகிறது. கடலோரக் கிணறுகள் உப்பாவதைப் பற்றி ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நீர் உயிர்வாழ இன்றியமையாதது’ என்று தொடங்கி, முந்தைய ஆய்வுகளை வரிசையாக அடுக்கி, நேரே சோதனை முறைக்குப் போய்விடுகிறார். வாக்கியங்களில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால், முந்தைய ஆய்வுகள் கோடைக்கால மாதிரிகளை மட்டுமே எடுத்தன, மழைக்குப் பிந்தைய நிலை தெரியவில்லை, அதைத்தான் இங்கே அளந்திருக்கிறோம் என்ற மூன்று செய்திகளும் எங்குமே இல்லை. மதிப்பாய்வாளர் தேடுவது அவற்றைத்தான்.

கருத்துத்திருட்டுக்கும் எழுதும் பயிற்சி இல்லாத இந்தக் குறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். வேண்டுமென்றே திருடுபவர்களுக்கு இந்தக் கண்டிப்பு தேவை. அதேவேளை, பிறர் முடிவைச் சொந்த வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லப் பழகாத மாணவர், மூலத்தின் சொற்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி ஒட்டுப்போடுகிறார். அவருக்குத் தேவை பயிற்சி. முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் 2019 முதல் ஆய்வு அறம் கட்டாயப் பாடமாகிவிட்டது. எழுதும் பயிற்சிக்கும் அதே இடம் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நடையைச் செம்மைப்படுத்த அவை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ‘இருக்கலாம்’ என்று ஆய்வாளர் தயங்கிச் சொன்னதைச் செயலி ‘உறுதியாகிறது’ என்று மாற்றிவிட்டால், அதைக் கண்டுபிடிக்கும் திறன் அவரிடம் இருந்தாக வேண்டும். கட்டுரைக்குப் பொறுப்பு அவர்தான். தமிழிலேயே எழுதட்டுமே என்ற வாதம் இன்னும் வலுவானது. தமிழில் தரமான ஆய்விதழ்கள் பெருக வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. வாதத்தை முதலில் தமிழில் எழுதித் தெளிவுபடுத்திக்கொள்வது ஆங்கிலக் கட்டுரைக்கும் பலன் தரும். ஆனால், தன் கண்டுபிடிப்பை உலகெங்கும் உள்ள சக ஆய்வாளர்களிடம் கொண்டுசேர்க்க விரும்பும் மாணவரை அத்தகைய இதழ்கள் பெருகும்வரை காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.

இந்தப் பயிற்சியைத் தர நெறியாளர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மையே. அதனால்தான் பொறுப்பைத் தனியொருவர் தலையில் கட்டாமல், துறை ஆசிரியரும் ஆங்கிலத் துறை ஆசிரியரும் சேர்ந்து முதுகலையிலேயே ஒரு பருவப் பாடமாக இதை நடத்த வேண்டும் என்கிறோம். மாணவர்கள் தங்கள் துறையில் வெளியான கட்டுரைகளைப் பிரித்துப் படித்து, முன்னுரையை எழுதி, சக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மீண்டும் எழுதட்டும். வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து மொழித்திருத்தம் செய்துகொள்கிறார்கள். வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெறுபவருக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை. அந்த வகுப்பை நடத்துவது பல்கலைக்கழகத்தின் கடமை.