நடந்தவன் கிடக்கும் மலை

பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றின் போக்கை ஒட்டிய சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் சிறு குன்றாகிய திருநீர்மலை, 2021-ஆம் ஆண்டில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக இன்று மாறிவிட்டபோதிலும், நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றென்ற பழம்பெருமையை இழக்கவில்லை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். மலைமேல் சாந்த நரசிம்மர் வீற்றிருக்க, ரங்கநாதர் அரவணையில் பள்ளிகொள்ள, உலகளந்த பெருமாள் நடந்த கோலத்தில் காட்சி தருகிறார். உலகத்தையே அளக்கப் புறப்பட்ட திருவடிக்கும், கண்வளரும் திருமேனிக்கும் ஒரே குன்றின்மேல் இடம் வகுத்த முன்னோரின் உள்ளத்தில் இருந்த தத்துவம் எதுவாயினும், லட்சியத்துக்கும் இளைப்பாறுதலுக்கும் இடையே அல்லலுறும் இக்காலத்து மனிதனுக்கு அதிலே ஒரு போதனை உண்டு: நடத்தல் நான்கு கோலங்களுள் ஒன்று, அதுவே முழு வாழ்வாகிவிட இயலாது.

இத்தலத்தைப் பாடிய திருமங்கையாழ்வார் சோம்பலை அறிந்தவரல்லர். ஆலிநாட்டுத் தலைவராகவும் போர்வீரராகவும் விளங்கி, குமுதவல்லியை மணக்கும் பொருட்டு மேற்கொண்ட அன்னதான விரதம் தடைப்படாதிருக்க வழிப்பறியிலும் இறங்கி, பின்னர் திருவருள் பெற்று க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சுற்றித் திரிந்து பாடிய அவருடைய சரித்திரத்தில் ஓயாத வேகமே மிகுந்து காணப்படுகிறது. அத்தகையவர் இங்கு வந்தபோது மலையைச் சூழ்ந்து வெள்ளம் நின்றதென்றும், ஆறு மாத காலம் பொறுத்திருந்து, நீர் வடிந்த பின்னரே ஏறிச் சேவித்தாரென்றும் தலவரலாறு கூறுகிறது. காத்திருந்த அந்த ஆறு மாதங்களில் அவர் தம் நோக்கத்தைக் கைவிடவுமில்லை, அடுத்த ஊருக்கு ஓடிவிடவுமில்லை. லட்சியம் உடையவனுக்கே நிதானம் மிகவும் வேண்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தக்க சான்று தேட வேண்டியதில்லை.

இம்மலையைச் சுற்றியுள்ள புறநகரோ வேகத்தால் வளர்ந்தது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, பட்டணத்தில் உத்தியோகமும் புறநகரில் குடித்தனமுமாக வாழ்வது இங்குள்ளோரின் வழக்கமாயிற்று. பின்னர் தாம்பரம் சானடோரியத்தை அடுத்து மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகம் வந்தது, நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில் பெருகிற்று, ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கடைகளும் கல்லூரிகளும் நிறைந்தன. இன்று விடியுமுன் ஷிப்டுக்குப் புறப்படும் பெண்ணும், நள்ளிரவுக்குப் பின் அலுவலக வண்டியில் வந்திறங்கும் இளைஞனும் ஒரே தெருவில் வசித்தும் ஒருவரையொருவர் பார்த்தறியாதிருக்கின்றனர்.

இவர்களுடைய ஆசையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவனும், வீட்டுக் கடனைத் தலைமேல் சுமப்பவனும், தன் மகளை மருத்துவப் படிப்பில் சேர்த்துவிட வேண்டுமென்று ஓவர்டைம் பார்க்கும் தாயும் உலகை அளக்கப் புறப்பட்டவர்களே. அவர்களிடம் சென்று, ‘போதுமென்ற மனமே பொன்’ என்று உபதேசிப்பவர் பெரும்பாலும் வயிறு நிறைந்தவராகவே இருப்பார். ஆயினும் சரீரம் தனக்கென ஒரு கணக்கை வைத்திருக்கிறது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாதம் உண்டாகும் அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு முதலிய இருதய நோயால் மரணம் நேரும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. பிள்ளைகளுக்காக உழைக்கிறோம் என்பவர், அப்பிள்ளைகள் தலையெடுக்கும்போது தாமும் உடனிருக்க வேண்டும் என்பதை நினைத்தல் நலம்.

ஓய்வு எவரும் நமக்கு இனாமாக அளித்ததன்று. தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே முதலியோர் பலகாலம் முயன்றதன் பலனாகவே 1890-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஞாயிறு விடுமுறையைப் பெற்றனர். 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்கு நண்பகலில் உண்ணவும் போதிய அவகாசமில்லை என்ற குறையோடு கிளம்பியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி இடைவேளை தர வேண்டும் என்ற விதியையும் வகுத்தது. நாளெல்லாம் கால்கடுக்க நின்ற கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது 2021-இல்தான். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளித்து 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா, கடும் எதிர்ப்பின் பின், அவ்வாண்டு மே தினத்தன்று கைவிடப்பட்டது. உட்காருவதற்கும் உண்பதற்குமே இத்தனை பிரயாசை தேவைப்பட்டதென்றால், கிடைத்த ஓய்வை நாமே அலட்சியமாக உதறுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இவ்வட்டாரத்து ஏரிகளைக் கவனித்தால் நிதானத்தின் இயல்பு நன்கு விளங்கும். ஓடிவரும் மழைநீரைக் கரையிட்டுத் தேக்கி, வேண்டும்போது மதகு வழியே பாசனத்துக்கு விடுத்து, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பிய முன்னோர், நீரின் ஓட்டத்தைப் பகைக்கவில்லை. அதற்குத் தங்குமிடம் தந்தனர். தங்குமிடங்கள் மனைகளாகச் சுருங்கிய பிறகு பெருமழை என்ன செய்யும் என்பதை இவ்வட்டாரத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-இல் அனுபவித்தன. தினமும் ஒரு வேளை உணவைக் கைபேசியின்றி உண்பதும், வாரத்தில் ஒரு மாலையை எந்தக் காரியத்துக்கும் ஒப்புக்கொடாமல் வைத்திருப்பதும், அந்த ஏரிகளைப் போல முன்கூட்டியே கரை எழுப்பிக் காக்கப்பட வேண்டியவை. வேலை முடிந்த பின் மிஞ்சும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், மிஞ்சுவது ஒன்றுமிராது.

ஆனால் தனி மனிதனின் உறுதி மட்டும் இதற்குப் போதாது. இரவு பத்து மணிக்கு மேலதிகாரி அனுப்பும் செய்திக்கு உடனே பதிலளிக்காதவன் ஊக்கமற்றவன் எனக் கருதப்படும் அலுவலகத்தில், எந்த ஊழியனின் விரதமும் நீடிக்காது. ஞாயிற்றுக்கிழமையிலும் அடுப்படிப் பொறுப்பு கைமாறாத இல்லத்தில், மற்றவர்கள் இளைப்பாற ஒருத்திக்கு மட்டும் ஏழு நாளும் வேலை நாளாகிறது. விடுமுறை நாளிலும் டியூஷனுக்கு விரட்டப்படும் சிறுவன், இளைப்பாறுவதைக் குற்றமென்றே கற்றுக்கொண்டு வளர்கிறான். ஆதலால், வாழ்வில் சற்றே நிதானிக்க விரும்புவோர், தமக்கு எத்தனை மணி நேர ஓய்வு கிடைக்கிறதென்று எண்ணுவதற்கு முன், தம்மால் யாருடைய ஓய்வு பறிபோகிறதென்று எண்ணிப் பார்த்து, முதலில் அதைத் திருப்பிக் கொடுப்பாராக.