மார்கழியில் ஒரு நாள் கச்சேரிப் பிரயாணம்

"டிசம்பரில் சென்னைக்குப் போய் ஒரு கச்சேரியாவது நேரில் கேட்டுவிட வேண்டும்" என்று சொல்லாத சங்கீதப் பிரியை ஆர்.எஸ்.புரத்திலும் இல்லை, பீளமேட்டிலும் இல்லை. சொல்வதோடு சரி! மாமியாருக்கு வேளாவேளைக்கு மருந்து யார் கொடுப்பது? அரைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு யார் சமைத்துப் போடுவது? "அதுதான் செல்போனிலேயே வருதே, அம்மிணி!" என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரயாணம் அந்த வருஷத்துக்கு முடிந்தது.

செல்போனில் வருவது வாஸ்தவந்தான். ஆனால் ஆலாபனை உச்சிக்குப் போகும் சமயம் பார்த்துக் குக்கர் விசில் அடிக்கும். வாசலில் கியாஸ்காரர் மணி அடிப்பார். யாரும் நம்மைக் கூப்பிட முடியாத இரண்டரை மணி நேரம் சபாவில்தான் கிடைக்கும். அதற்காக 500 கிலோமீட்டர் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம்.

சென்னை மியூசிக் அகாடமியையே எடுத்துக்கொள்வோம். 1928-ல் தொடங்கிய ஸ்தாபனம். இப்போதைய பெரிய மண்டபம் 1962-ல் திறக்கப்பட்டது. அங்கே வழங்கும் 'சங்கீத கலாநிதி' விருது ஒரு பெண்மணிக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968-ல்தான். பெற்றவர் எம்.எஸ். சுப்புலக்ஷ்மி. மேடையேறிப் பாடியவருக்கே அத்தனை வருஷம் ஆயிற்று!

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இரவுக் கச்சேரியைத்தான் குறி வைக்கிறார்கள். வினை அங்கேதான். ஏழு மணி வாக்கில் தொடங்கும் கச்சேரி மங்களம் பாட ஒன்பதரை ஆகிவிடும். கோவை வரும் சேரன் எக்ஸ்பிரஸோ பத்து மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்புகிறது. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து மனிதர்களின் கால்களை மிதித்துக்கொண்டு ஓட வேண்டும். ராகம் போகட்டும், ஓடுகிற ஓட்டத்தில் செருப்புக்கூட மிஞ்சாது.

நாலு மணிக் கச்சேரி இருக்கிறதே, அதுதான் நமக்கு. முன்னணி வித்வான்களும் விதுஷிகளும் அந்த நேரத்திலும் பாடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு மேல் கோவையில் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸ் பிற்பகல் இரண்டு மணி சுமாருக்குச் சென்ட்ரலில் சேர்கிறது. 'வந்தே பாரத்' நண்பகலுக்குள் போய்விடும். கட்டணம் கூடுதல், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. சென்ட்ரலில் மெட்ரோ ஏறி ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கினால் அகாடமிக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். கச்சேரி முடிந்து, சபா கேன்டீனில் நிதானமாக இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சேரனைப் பிடித்தால், மறுநாள் பொழுது விடியும்போது கோவை! ஓட்டல் அறை வேண்டாம். மாமியாரின் மருந்து ஒரு நாளைக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. அவரும் பழகட்டுமே!

ரயில் டிக்கெட்டை மட்டும் முந்திக்கொள்ள வேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது. டிசம்பர் 20-ந் தேதிக்கு அக்டோபர் 21 காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும், தீபாவளிப் பலகார வேலை எவ்வளவு இருந்தாலும். யார் என்றைக்குப் பாடுகிறார்கள் என்ற பட்டியல் அதற்குள் வெளிவராமலும் இருக்கலாம். பாதகமில்லை, சீசனில் எந்த நாள் போனாலும் கேட்கத் தகுந்தவர் ஒருவர் இருப்பார். நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் ரயிலையும் கச்சேரியையும் புறப்படுவதற்கு முன் இன்னொரு தரம் சரிபார்ப்பது நல்லது.

மண்டபத்தில் குளிர்சாதனம் உண்டு. பட்டுப் புடவையோடு ஒரு சால்வையும் போகட்டும். இரவு ரயிலில் மேல் படுக்கை வந்துவிடுமோ என்று பயப்படும் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு சேதி: 45 வயது நிறைந்த பெண்களுக்கென்று கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. பதிவு செய்யும்போது உண்மை வயதைப் போட வேண்டும், அவ்வளவுதான்!