புது லாரிக்குப் பழைய டிரைவர்
ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு நெடுந்தூர வேலை

பெங்களூரில் இருந்து ஓசூர் பக்கம் போகிற அன்பர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், ஒரு ஸ்டீரிங். அதன் பின்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அருகில் போய்ப் பார்த்தால் மீசை நரைத்திருக்கும்.

தொழிற்சாலையில் இருந்து புது லாரியையும் பஸ் சேஸிஸையும் விற்பனையாளரிடமோ பாடி கட்டும் பட்டறைக்கோ கொண்டுபோய் விடுகிற வேலை இது. ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை 1980-ல் தொடங்கியது. லாரி பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி; பஸ்சுக்குக் கரூர். வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரிகள் 1954 முதல் தயாராகின்றன. இத்தனை வண்டிகளும் தாமாக ஊர் போய்ச் சேருமா? ஒப்பந்தக்காரர் டிரைவர்களைப் பிடித்து அனுப்புகிறார். மாதச் சம்பளம் கிடையாது. டிரிப் உண்டென்றால் கூலி உண்டு.

ஓய்வு பெற்ற டிரைவர்கள் இதற்கு வருவதில் வியப்பில்லை. வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். பெங்களூரில் அது வீட்டு வாடகைக்குக் காணாது. 30 வருடம் விபத்தில்லாமல் ஓட்டிய கையை 58 வயதில் மடக்கி வைக்கவும் மனம் வருவதில்லை. ஒப்பந்தக்காரருக்கும் பெரியவர்கள் என்றால் ஒரு நம்பிக்கை. வண்டியில் கீறல் விழாமல் போய்ச் சேரவேண்டும் அல்லவா!

கீறல் விஷயம் சாதாரணமல்ல. பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பெட்டி எல்லாம் எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். ஏதாவது குறைந்தால் கூலியில் பிடித்தம். ஆகவே வண்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, இருக்கும் பழுதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதே விவரமானவர்கள் வழக்கம். செல்போனில் படமும் எடுத்து வைக்கிறார்கள்.

கூலியைக் கணக்குப் பார்க்கும் விதம்

ஓசூரில் இருந்து நாகபுரி ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். நாளைக்கு 350, 400 என்று ஓட்டினால் மூன்று நாள். திரும்ப ரயிலில் ஒரு நாள். வண்டி கைக்கு வரும்வரை காத்திருப்பது ஒரு நாள். அங்கே ரசீது வாங்கக் காத்திருப்பது இன்னொரு நாள். எனவே டிரிப்புக்குப் பேசும் தொகையை மூன்றால் வகுக்காதீர்கள். ஆறால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் உண்மையான நாள் கூலி தெரியும்.

திரும்பும் டிக்கெட்டும் உங்கள் செலவா என்று கேட்டுவிடுங்கள். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம் சலுகை இருந்ததே, அதை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சலுகையை நம்பி இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு இது பெரிய அடி. டோல் யாருடையது, விபத்து நேர்ந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் ஆஸ்பத்திரி கவுண்டரில் செல்லாது.

தொப்பூரில் ஜாக்கிரதை!

டீசல் பெரும்பாலும் அளந்து கொடுக்கப்படுகிறது. மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இறக்கம் கண்டால் கியரை நியூட்ரலில் தள்ளிவிடும் பழக்கம் அதனால் வருகிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகள் எத்தனை! நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுதும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. இரண்டு லிட்டர் டீசலுக்காக உயிரைப் பணயம் வைப்பதா?

பாரம் ஏற்றிய லாரியை ஓட்டிப் பழகியவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெற்று சேஸிஸ் பின்பக்கம் லேசானது. பள்ளத்தில் தூக்கிப் போடும். ஈரச் சாலையில் வேகமாகப் பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்கும். பழைய கால் அழுத்தம் இங்கே உதவாது.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் கேபினே இல்லாத சேஸிஸில் உட்காருகிறவருக்கு மார்கழிப் பனியும் சித்திரை வெயிலும் மாறவில்லை. ஹெல்மெட், மூடிய கண்ணாடி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு ஆகிய நான்கும் இல்லாமல் ஏறாதீர்கள்.

கனரக லைசென்ஸுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருட ஆயுள். புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். அதைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்வது மேல். கண்புரை தொடங்கியவர்களுக்கு எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும். அப்படிப்பட்டவர்கள் பகல் ஓட்டம் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ஓசூர்–நாமக்கல் அதற்குத் தோதான டிரிப். 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வண்டியை ஒப்படைத்துவிட்டு, இரவு பஸ்சில் பெங்களூர் திரும்பிவிடலாம்.